ஏழு சாமுராயில் மூன்று கேமரா: எப்படி ஓடியது, நகலெடுப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பிலிம்சுருள்:
ஏழு சாமுராய் எடுத்த ஜப்பானிய இயக்குநர் குரோசவா என்று பேச்செடுத்தாலே ஒரே பல்லவி: "மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டார், அதனால்தான் அந்த மழைச் சண்டை அப்படி." மூன்று கேமரா போதும் என்றால் சாயங்கால சீரியல் ஒவ்வொன்றும் காவியமாகியிருக்க வேண்டுமே. கேமராக்கள் எங்கே நின்றன, என்ன லென்ஸ், ஒன்றின் ஃபிரேமில் இன்னொன்று ஏன் விழவில்லை, வெளிச்சத்தை எப்படிச் சமாளித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். "மேதை", "மகாகலைஞன்" எல்லாம் வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும்.

எடிட்மேசை:
முதலில் ஏன் மூன்று என்பதைப் பார்ப்போம். 1954-ல் வந்த ஏழு சாமுராயின் கடைசிச் சண்டையில் குதிரை, சேறு, மழை, கூட்டமாக ஆட்கள். ஒரு தடவை குதிரை ஓடிய சேறு அடுத்த டேக்கில் அதே சேறாக இருக்காது. வைடு ஷாட் எடுத்துவிட்டு, கேமராவை நகர்த்தி குளோசப்புக்காக மறுபடி ஓடச் சொன்னால் கால்தடம், நனைந்த துணி, குதிரையின் வேகம் எல்லாம் மாறிப்போகும். வெட்டி ஒட்டும்போது அது பல்லிளிக்கும். ஒரே ஓட்டத்தை மூன்று இடத்திலிருந்து பிடித்துவிட்டால் எங்கே வெட்டினாலும் அசைவு பொருந்தும். மூன்று கேமராவால் அவருக்குக் கிடைத்த முதல் லாபம் எடிட்டிங்கில்தான்.

வேலைப் பிரிவினையை அவரே தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். முதல் கேமரா வழக்கமான இடத்தில் நிற்கும். இரண்டாவது சட்டென்று தீர்மானமான ஷாட்களைப் பிடிக்கும். மூன்றாவது கெரில்லாப் படை மாதிரி. சீரியல் செட்டில் மூன்றுக்கும் ஒரே வேலை: வைடு, இந்தப் பக்க முகம், அந்தப் பக்க முகம். குரோசவாவின் மூன்றாவது கேமராவிடம் யாரும் "முகத்தைப் பிடி" என்று சொல்வதில்லை.

சண்டைக்காகத் தொடங்கிய இந்த முறையை அடுத்த வருடமே, இகிமோனோ நோ கிரோகு (1955) படத்தில், சும்மா உட்கார்ந்து பேசும் காட்சிகளுக்கும் கொண்டுவந்துவிட்டார். எந்தக் கேமராவில் தான் விழுகிறோம் என்று நடிகருக்குத் தெரியாது. லென்ஸைப் பார்த்து நடிக்கும் பழக்கம் அங்கேயே செத்தது.

கருப்புவெள்ளை:
லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டால்தான் புரியும்.

35 மி.மீ. பிலிம், பழைய அகாடமி ஃபிரேம் (அகலத்திரைக்கு முந்தைய, சதுரத்துக்கு நெருக்கமான வடிவம்), அகலம் ஏறத்தாழ 22 மி.மீ. சுமார் 3.3 மீட்டர் அகலம் ஃபிரேமில் வர வேண்டும் என்று வையுங்கள். இரண்டு ஆள் தாராளமாக நிற்கலாம். இதற்கு மூன்று வழி:

40 மி.மீ. லென்ஸ் போட்டு 6 மீட்டரில் நிற்கலாம்.
100 மி.மீ. போட்டு 15 மீட்டரில் நிற்கலாம்.
250 மி.மீ. போட்டு 37.5 மீட்டரில் நிற்கலாம்.

மூன்றிலும் முன்னால் நிற்பவன் ஒரே அளவில் தெரிவான். அவனுக்கு 3 மீட்டர் பின்னால் ஒருவன் நிற்கிறான் என்றால்? முதல் வழியில் பின்னவன், முன்னவனில் 67 சதவீத உயரம். இரண்டாவதில் 83. மூன்றாவதில் 93. அதாவது 250-ல் பின்னவன் கிட்டத்தட்ட முன்னவனின் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்பான். குதிரை வில்லாளியின் முதுகில் மூச்சு விடுவது போலத் தெரிவது இப்படித்தான். நிஜத்தில் இடையில் நல்ல இடைவெளி இருக்கும்.

மேலே சொன்ன நீளங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, அவர் போட்ட லென்ஸ் பட்டியல் அல்ல. டெலிஃபோட்டோ, அதாவது தூரத்தில் நின்று கிட்டத்தில் காட்டும் நீள லென்ஸ், என்பதுதான் விஷயம்.

இன்னொரு லாபம் பார்வைக் கோணம். 40 மி.மீ. கிட்டத்தட்ட 31 டிகிரி பார்க்கும். 100 மி.மீ. 12½ டிகிரி. 250 மி.மீ. வெறும் 5 டிகிரி. 5 டிகிரி பார்க்கும் கேமராவின் ஃபிரேமில் இன்னொரு கேமரா விழ வேண்டும் என்றால் அதுவே வந்து நின்றால்தான் உண்டு. பிலிம்சுருள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: எல்லாரும் தூரத்தில் நிற்கிறார்கள், குறுகலாகப் பார்க்கிறார்கள்.

மழைக்கோட்டு:
டெலி போட்டால் பின்புலம் மங்கிப்போகுமே? அவர் படத்தில் பின்னால் இருப்பவன் முகமும் கல்லில் செதுக்கின மாதிரி இருக்கிறதே?

கருப்புவெள்ளை:
எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஃபிரேம் அளவும் அபெர்ச்சரும் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) ஒன்றாக இருந்தால் கூர்மை ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம், பெரிதாக மாறாது. 100 மி.மீ., 15 மீட்டர், எஃப் 8 என்றால் 11½ மீட்டரிலிருந்து 21½ மீட்டர்வரை கூர்மை: சுமார் 10 மீட்டர். 250 மி.மீ., 37.5 மீட்டர், அதே எஃப் 8 என்றால் சுமார் 9 மீட்டர். வித்தியாசம் சொற்பம். மங்கலுக்கு முக்கியக் காரணம் லென்ஸின் நீளம் அல்ல, திறந்த அபெர்ச்சர். அதே 100-ஐ எஃப் 2.8-ல் போடுங்கள், ஆழம் 3 மீட்டர் சொச்சத்துக்கு வந்துவிடும்.

எஃப் 2.8-லிருந்து எஃப் 8-க்குப் போக மூன்று ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இரு மடங்கு வெளிச்சம் வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வெளிச்சம். இன்று டெலிஃபோட்டோவைக் காப்பியடிப்பவர்கள் லென்ஸை வாங்குகிறார்கள், எட்டு மடங்கு விளக்கை வாங்குவதில்லை. விளைவு: தட்டையும் கிடைக்காது, ஆழமும் கிடைக்காது, பின்னால் வெறும் புகைமூட்டம்.

எடிட்மேசை:
செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று கேமரா என்றால் 270 அடி. 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் காலி. யார் "கட்" சொன்னாலும் மூன்றும் சேர்ந்தே எரிகிறது. படத்தைத் தயாரித்த தோஹோ நிறுவனம் பட்ஜெட்டைப் பார்த்து அரண்டு படப்பிடிப்பை நிறுத்தியதும், குரோசவா மீன்பிடிக்கப் போய்விட்டதும் தெரிந்த கதை. போட்ட பணத்தை விட்டுவிட மாட்டார்கள் என்ற தைரியம்.

இதே அடிக்கணக்கில் அவருடைய நடிகர் மிஃபுனே பற்றி அவர் சொன்னது ஒன்று உண்டு. சாதாரண நடிகர் ஓர் உணர்வைக் காட்டப் பத்து அடி பிலிம் எடுப்பார், மிஃபுனேவுக்கு மூன்று அடி போதும். கணக்குப் பாருங்கள்: வினாடிக்கு ஒன்றரை அடி. மற்றவர்களுக்கு ஆறரை வினாடி, மிஃபுனேவுக்கு இரண்டே வினாடி. 1948-ன் குடிகார தேவதையிலிருந்து 1965-ன் சிவப்புத் தாடிவரை பதினாறு படம் சேர்ந்து செய்ததன் ரகசியம் அந்த நாலரை வினாடி மிச்சத்தில் இருக்கிறது.

கடைசிபெஞ்ச்:
எல்லாம் சரி பாஸ். ஆனால் சண்டை புரிவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, வரைபடம். ஏழு பேரின் தலைவன் கம்பெய் ஊரைச் சுற்றி வருகிறான் இல்லையா, அந்தப் பகுதியை மறுபடி பாருங்கள். மேற்கே வேலி. தெற்கே வயலில் தண்ணீர் கட்டுவது. கிழக்கே பாலத்தை உடைப்பது. வடக்கே காட்டுப்பக்கம் மட்டும் வேண்டுமென்றே திறந்துவிடுவது, எதிரியை உள்ளே இழுக்க. நல்ல கோட்டைக்கு ஓர் ஓட்டை வேண்டும் என்று அவனே சொல்கிறான். அப்புறம் நாற்பது கொள்ளைக்காரர்களுக்கும் தாளில் வட்டம் போட்டு, செத்தவனை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறான். கடைசிக் காலையில் மிச்சம் பதின்மூன்று பேர் என்று நமக்கு எண்ணிக்கையே தெரியும்.

மழை கொட்டி, சேறு தெறித்து, யார் முகமும் தெரியாத நேரத்தில்கூட பார்ப்பவன் தொலைந்துபோகாததற்கு இந்த முன்வேலைதான் காரணம். இதைச் செய்யாமல் கிளைமாக்ஸில் பத்து கேமரா வைத்தாலும் கூச்சல்தான் மிஞ்சும்.

பிலிம்சுருள்:
இது முக்கியமான பாயிண்ட். இன்னொன்று: ஏழில் நான்கு பேர் சாகிறார்கள், நான்கு பேரும் துப்பாக்கிக் குண்டில். கத்தியால் ஒருவனும் சாகவில்லை. கொள்ளைக்காரர்களிடம் மொத்தமே மூன்று துப்பாக்கி. அந்த எண்ணிக்கையையும் படம் முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

மழைக்கோட்டு:
என் பெயருக்கு ஏற்றபடி மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செயற்கை மழையில் பெரிய தலைவலி, கேமராவில் மழையே தெரியாமல் போவது. துளி கண்ணாடி மாதிரி. பின்னால் வெளிறிய வானம் இருந்தால் வெள்ளையில் வெள்ளை கரைந்துவிடும். குரோசவாவின் இன்னொரு படமான ராஷோமானின் (1950) வாயிற்கோபுரக் காட்சியில் இதுதான் சிக்கல். தீயணைப்பு வண்டிக் குழாய்களில் பீய்ச்சிய தண்ணீரில் கருப்பு மையைக் கலந்தார்கள். சாம்பல் வானத்தின் முன் கோடு கோடாகக் கிழிக்கிற மழை அப்படி வந்தது.

இதைக் கேள்விப்பட்டு எல்லா மழைக்கும் மை கலக்கக் கிளம்பிவிடாதீர்கள். பின்புலம் இருட்டாக இருந்தால் மை எதிராக வேலை செய்யும். அங்கே மழைக்குப் பின்னாலிருந்து விளக்கடித்தால் போதும், துளி தானாக மின்னும். வெளிர்ப் பின்புலத்துக்கு மை, இருட்டுப் பின்புலத்துக்கு எதிர்விளக்கு. முன்னாலிருந்து விளக்கடித்தால் இரண்டுமே வீண், மழை சுத்தமாகத் தெரியாது.

அந்தக் கோபுரத்தைப் பற்றியும் ஒரு வரி. பாதிக் கூரை சிதைந்து கிடப்பது கதைக்காக மட்டும் அல்ல. அத்தனை பெரிய செட்டுக்கு முழுக் கூரை போட்டால் தூண் பாரம் தாங்காது. இடிந்த மாதிரி காட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள்.

கருப்புவெள்ளை:
ராஷோமானில் ஒளிப்பதிவு மியாகவா கசுவோ. ஏழு சாமுராயில் நகாய் அசகசு. இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். காட்டுக்குள் வெளிச்சம் போதாமல் மியாகவா கண்ணாடி வைத்துச் சூரியனைத் திருப்பிவிட்டார். கேமராவை நேராகச் சூரியனுக்கே திருப்புவது அந்தக் காலத்தில் தீண்டத்தகாத காரியம், பிலிம் கருகிவிடும் என்று பயம். இலை இடுக்கில் சூரியனைப் பார்த்துக்கொண்டே விறகுவெட்டி நடக்கும் அந்தப் பகுதிக்காகவே படத்தை ஒருமுறை பார்க்கலாம். நாராவின் பழங்காட்டில் மரத்திலிருந்து அட்டை விழுமாம். குழுவினர் கழுத்து, கை, காலுறை எல்லாம் உப்புத் தடவிக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள்.

நடுவரிசை:
"ராஷோமான் பாணி" என்று நாம் சகட்டுமேனிக்குச் சொல்வதில் எனக்கு ஒரு முறையீடு உண்டு. ஒரே சம்பவத்தை நாலு பேர் சொன்னால் அது ராஷோமான் ஆகிவிடாது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) நல்ல படம். ராஷோமான் கொடுத்த தூண்டுதலில் பிறந்தது என்பதும் சரி. பாட்டே இல்லாமல் ஏ.வி.எம். எடுத்த துணிச்சலும் சரி. ஆனால் அதில் கடைசியில் கொலையாளி யார் என்று திட்டவட்டமாகத் தெரிகிறது. அது துப்பறியும் கதையின் வடிவம். 2004-ன் விருமாண்டியில் கொத்தாளத் தேவர் சொல்வது ஒன்று, விருமாண்டி சொல்வது ஒன்று. எதை நம்ப வேண்டும் என்று படம் நம்மை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது.

ராஷோமானில் கொள்ளைக்காரன், மனைவி, ஆவியாக வந்து பேசும் கணவன், மூவரும் கொலைப்பழியைத் தன் தலையில்தான் போட்டுக்கொள்கிறார்கள். கணவன் "நானே குத்திக்கொண்டேன்" என்கிறான். வழக்கமான பொய்க்கு நேர் எதிர் இது. தப்பிக்கச் சொல்லும் பொய் அல்ல, தன்னை உயர்த்திக்காட்டச் சொல்லும் பொய். நான்காவதாக விறகுவெட்டி சொல்வதையும் நம்ப முடியாது, குத்துவாளைத் திருடியவன் அவன்தான் என்று சந்தேகம் விழுகிறது. படத்துக்கு மூலமான அகுதாகவாவின் கதையில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வது ஏற்கெனவே உண்டு. விறகுவெட்டியின் அந்த நான்காவது வாக்குமூலம் படத்துக்காகச் சேர்த்தது.

கடைசிபெஞ்ச்:
விருமாண்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரே மாடு, ஒரே சண்டை, இரண்டு தடவை வரும்போது கேமரா நிற்கும் பக்கமே மாறுகிறது. இது வேஷம் இல்லை, கற்றுக்கொண்ட பாடம்.

நடுவரிசை:
கற்றுக்கொண்டதை மறுக்கவில்லை. பெயரைத்தான் சரியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

எடிட்மேசை:
மறுபடி ஏழு சாமுராய்க்கு. மெதுவோட்டம் (ஸ்லோ மோஷன்) எப்படிப் போட வேண்டும் என்பதற்கு ஒரே ஓர் இடம் போதும். குழந்தையைப் பிடித்துக்கொண்டு குடிலுக்குள் ஒளிந்த திருடன். கம்பெய் மொட்டையடித்து, துறவி அங்கி போட்டு, சோற்றுருண்டையோடு உள்ளே பாய்கிறான். உள்ளே நடந்தது நமக்குக் காட்டப்படுவதில்லை. திருடன் வெளியே வருகிறான், நிற்கிறான், விழுகிறான். விழுவது மெதுவோட்டத்தில். இடையிடையே வேடிக்கை பார்க்கும் ஊர்க்காரர்கள் சாதாரண வேகத்தில். வேகமும் மெதுவும் அடுத்தடுத்து மோதுவதால்தான் சாவுக்கு எடை வருகிறது. இப்போது பலர் பார்ப்பவனையும் விழுபவனையும் சேர்த்தே மெதுவாக்குகிறார்கள். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் எல்லாமே தண்ணீருக்குள் நடப்பது போலாகிவிடுகிறது.

வெட்டும் இடமும் கவனியுங்கள். ஒருவன் உட்கார்ந்து முடித்தபின் வெட்டமாட்டார், பாதி உட்காரும்போது வெட்டுவார். அதே நேர்க்கோட்டில் கேமரா மூன்று தாவலில் நெருங்கும் வெட்டும் அவருடைய முத்திரை. 1943-ன் முதல் படம் சன்ஷிரோ சுகாட்டாவிலேயே வந்துவிட்டது. அளவு மாற்றம் கொஞ்சமாக இருந்தால் இது பிழை போலத் துள்ளும். கோணத்தை மாற்றாமல், அளவைத் தாராளமாக மாற்ற வேண்டும்.

பிலிம்சுருள்:
திரைக்கதை பற்றி யாரும் தொடவில்லையே?

நடுவரிசை:
திரைக்கதையாளர்களில் ஒருவரான ஹாஷிமோட்டோ ஷினோபுவின் நினைவுக்குறிப்பில் இருக்கிறது. ஏழு சாமுராய் முதல் யோசனையே இல்லை. முதலில் ஒரு சாமுராயின் ஒரே ஒரு நாள்: காலையில் எழுந்து, வேலைக்குப் போய், ஒரு தவறு நடந்து, வயிற்றைக் கிழித்துக்கொள்வதுவரை. அது எதனால் கைவிடப்பட்டது தெரியுமா? அந்தக் காலத்தில் சாமுராய் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனானா, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டான் என்று உறுதியாகத் தெரியவில்லை. அது தெரியாமல் எழுத முடியாது என்று மூட்டை கட்டினார்கள். அடுத்தது வாள்வீரர்களின் வாழ்க்கைத் தொகுப்பு. உச்சக்கட்டங்களை மட்டும் அடுக்கினால் படமாகாது என்று அதுவும் போயிற்று. மூன்றாவதாகத்தான், கிராமத்தார் சோறு போட்டுச் சாமுராயைக் காவலுக்கு அமர்த்துவது.

குரோசவா, ஹாஷிமோட்டோ, ஒகுனி ஹிதேயோ மூவரும் விடுதியில் அடைந்துகிடந்து எழுதினார்கள். ஒகுனி தன் பங்குக்கு எழுதிக் குவிக்க மாட்டார், எழுதியதைப் பார்த்து "இது தேறாது" என்று சொல்வதுதான் அவர் வேலை. நம் ஊர் கதை விவாதத்தில் எல்லா நாற்காலியும் உண்டு, அந்த நாற்காலிதான் இல்லை.

மழைக்கோட்டு:
நகல், வழக்கு விஷயம் யாராவது சுருக்கமாக?

கடைசிபெஞ்ச்:
ஏழு சாமுராய் முறைப்படி வாங்கப்பட்டு 1960-ல் ஜான் ஸ்டர்ஜஸ் கையில் தி மேக்னிஃபிசென்ட் செவன் ஆனது. அங்கிருந்து ஷோலேவரை (1975) அதன் கிளை ஓடுகிறது. யோஜிம்போ (1961) அப்படி இல்லை. செர்ஜியோ லியோனே கேட்காமல் எடுத்து 1964-ல் எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் ஆக்கிவிட்டார். தோஹோ வழக்குக்குப் போய், உலக வசூலில் 15 சதவீதம் பெற்றுச் சமரசமானது. ஜார்ஜ் லூகாஸ் மறைக்கோட்டை மூவரின் (1958) இரண்டு பேராசைக்கார விவசாயிகளிடமிருந்து ஸ்டார் வார்ஸின் இரண்டு ரோபோக்களை எடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டார். கடனையும் தீர்த்தார்: குரோசவாவின் ககெமுஷா (1980) பணமில்லாமல் நின்றபோது லூகாஸும் இயக்குநர் கொப்போலாவும்தான் ஃபாக்ஸ் நிறுவனத்தை உள்ளே இழுத்தார்கள்.

கவனித்தீர்களா, எடுத்துக்கொண்டதெல்லாம் கதை. வேலியும் வட்டமும் எஃப் 8-ம் யாரும் வாங்கவில்லை.

கருப்புவெள்ளை:
அது கொஞ்சம் அநியாயம். கதையே கையில் எடுக்கக்கூடியது, மற்றது தயாரிப்பாளர் தயவு. சொர்க்கமும் நரகமும் (1963) படத்தில் ரயில் காட்சியை ஓடும் நிஜ ரயிலில் பல கேமரா வைத்து எடுத்தார். கழிவறை ஜன்னல் 7 சென்டிமீட்டர்தான் திறக்கும், பணப்பை அதைவிடத் தடிமனாக இருக்கக்கூடாது என்று கடத்தல்காரன் சொல்கிறான். முழுப் பதற்றமும் அந்த 7 சென்டிமீட்டரில். ரான் (1985) படத்தில் ஃபூஜி மலைச்சரிவில் கட்டிய கோட்டையை நிஜமாகவே கொளுத்தினார்கள். நாயகன் நகதாய் படியிறங்கி வருவதற்கு இரண்டாவது டேக் கிடையாது. இப்படி எடுக்க இன்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

எடிட்மேசை:
ரானில் அந்தக் கோட்டை முற்றுகையின் ஒலியையும் கேளுங்கள். கேளுங்கள் என்பதே தவறு, ஒன்றுமே கேட்காது. கத்தல், குதிரை, நெருப்பு எல்லாம் அணைக்கப்பட்டு இசையமைப்பாளர் தகெமிட்சுவின் இசை மட்டும். பிறகு ஒரே ஒரு துப்பாக்கிச் சத்தம், மூத்த மகன் சாய்கிறான், நிஜ ஒலி முழுக்கத் திரும்பி வருகிறது. ஒலியை அணைப்பதைப் பலர் காப்பியடித்தார்கள். எந்த நொடியில் திரும்பக் கொண்டுவருவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பிலிம்சுருள்:
நன்றி, கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: ஏழு சாமுராயை முதன்முறை பார்ப்பவர்கள் எந்தப் பிரதியைப் பார்ப்பது? இணையத்தில் விதவிதமான நீளத்தில் கிடக்கிறது.

நடுவரிசை:
207 நிமிடப் பிரதி. வெளிநாட்டு வெளியீட்டுக்காகச் சுருக்கியவற்றைத் தொடாதீர்கள். சுருங்கிய பிரதியில் முன்பாதி குறுகினால் கடைசிபெஞ்ச் சொன்ன வேலி, வயல், பாலம் கணக்கு ஆட்டம் காணும். நடுவில் இசையோடு இடைவேளை அட்டை வருகிறதா என்று முதலில் ஓட்டிப் பாருங்கள். வராவிட்டால் மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.